ஜூன் மாதத்தில் மழை இல்லையா?

சிங்கப்பூரில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. எனினும், எல்லா மாதங்களிலும் அது ஒரே அளவாகப் பெய்வதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பரில் மழை மிகுதி, பிப்ரவரியில் குறைவு. பள்ளித் தோட்டத்தில் மழைநீர்த் தொட்டி அமைக்கத் திட்டமிட்ட உயர்நிலை மூன்று மாணவர்கள் நால்வருக்கு இந்த வேறுபாடு முக்கியமாக இருந்தது. மழை குறைந்த மாதத்திலும் செடிகள் வாடக்கூடாது. அதே நேரத்தில், தேவைக்கு மேல் பெரிய தொட்டியை வாங்கிப் பணத்தை வீணாக்கவும் கூடாது.

பள்ளியின் மழைமானியில் ஓராண்டாகக் குறித்துவந்த அளவுகளை அவர்கள் ஒரு கோப்பில் சேர்த்தார்கள். பைத்தான் மொழியில், ஸ்ட்ரீம்லிட் என்னும் கருவியின் துணையோடு சிறிய இணையச் செயலி ஒன்றை உருவாக்கினார்கள். சில வரிகள் எழுதியதுமே திரையில் வரைபடம் தோன்றியது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால், வரைபடம்தான் சரியாக இல்லை.

மாதங்கள் ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பரில் முடிந்தன. ஆகஸ்டுக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் டிசம்பர் நின்றது. மாதப் பெயர்கள் கோப்பில் ஆங்கிலத்தில் இருந்ததால், கணினி அவற்றை வெறும் சொற்களாகக் கருதி அகரவரிசைப்படி அடுக்கிவிட்டது. மாதத்தோடு ஆண்டையும் சேர்த்து அவற்றைத் தேதிகளாக மாற்றியதும் வரிசை சரியாயிற்று.

செங்குத்து அச்சில் இருந்த கோளாறு இவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. மழை அளவுகள் சிறியதிலிருந்து பெரியதாக ஏறிச் செல்லாமல் தாறுமாறாக அடுக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் நிறத்தை மாற்றினார்கள், அளவை மாற்றினார்கள், செயலியை மூடித் திறந்தார்கள். பலன் இல்லை. இப்படித் தடுமாறுவது புதிதாக நிரல் எழுதுவோருக்கு வழக்கம்தான். கோணல் படத்தில் தெரிவதால், காரணமும் அங்கேயே இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது.

கடைசியில் ஒரு மாணவி படத்தை விட்டுவிட்டு அட்டவணையைப் பார்த்தாள். பாண்டாஸ் என்னும் தரவு நூலகத்தில், ஒவ்வொரு பத்தியிலும் இருப்பவை எண்களா சொற்களா என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. மழை அளவுப் பத்தியைக் கணினி எண்களாக ஏற்கவில்லை என்று அது காட்டியது. ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் மழைமானியை யாரும் பார்க்கவில்லை. ஆதலால், அந்தக் கட்டத்தில் ‘அளவு இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு கட்டத்தினால் பத்தி முழுவதும் சொற்களாகிவிட்டது. சொற்களாக ஒப்பிட்டால் முதல் எழுத்துதான் கணக்கு. 98 என்பது 310ஐவிடப் பெரியதாகிவிடும்!

உடனே ஒரு மாணவன் அந்தச் சொற்களை அழித்துவிட்டு 0 என்று இட்டான். மறுகணமே வரைபடம் ஒழுங்காக வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தவன் மட்டும் கைதட்டவில்லை.

“ஜூன் மாதத்தில் ஒரு துளிகூட மழை பெய்யவில்லையா?” என்று அவன் கேட்டான்.

அவன் கணக்குப்படி, ஒரு மாதம் முழுவதும் மழையில்லாமல் சமாளிக்கும் அளவுக்குத் தொட்டி பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. ஆண்டுச் சராசரியும் குறைந்திருந்தது. மழை பெய்யாததும் மழையை அளக்காததும் ஒன்றல்லவே! மாணவர்கள் 0ஐ நீக்கி அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள். பாண்டாஸ் காலி இடங்களைச் சேர்க்காமலேயே சராசரி காணும். ஆகவே, சராசரி உயர்ந்தது. தேவையான தொட்டி சிறியதாயிற்று.

அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக, மேட்பிளாட்லிப் என்னும் நூலகத்தைக்கொண்டு வரைபடத்தைத் தமிழில் வரைந்தபோது, மாதப் பெயர்களுக்குப் பதிலாகச் சிறு கட்டங்கள் தோன்றின. அதன் இயல்பான எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழ் எழுத்துருவைச் சேர்த்ததும் எழுத்துகள் வந்தன. ஆனால், ‘மே’ மாதத்தின் இரட்டைக்கொம்பு மகரத்திற்குப் பின்னால் போய் நின்றது! கணினி ‘ம’வை முதலிலும் கொம்பை அடுத்தும் சேமிக்கிறது. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். இணைய உலாவிகளுக்கு அது தெரியும்; மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகளுக்குத் தெரியாது. எனவே, உலாவியிலேயே படம் வரையும் பிளாட்லி நூலகத்திற்கு மாணவர்கள் மாறினார்கள். கொம்பு தன் இடத்திற்கு வந்தது.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருந்தது. பட்டை வரைபடத்தில் 0க்கும் பட்டை இல்லை. காலி இடத்திற்கும் பட்டை இல்லை. பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆகவே, அச்சிடுவதற்கு முன் ஜூன் மாதத்திற்கு மேலே இருந்த வெற்றிடத்தில் மாணவர்கள் இரண்டு சொற்களைச் சேர்த்தார்கள்: ‘மழை அளக்கப்படவில்லை’.