ஸ்பார்க் பிளக்: விலை கூடியதா, சாதாரணமா?

வற்றல் மூட்டையைக் கட்டிக்கொண்டு விளாத்திகுளத்திலிருந்து வேம்பார் போகும் வழியில் பைக் நின்றால், அன்றைய வியாபாரம் போச்சு. முன்பு நாங்களும் அடிக்கடி நின்றோம். விலை கூடிய பிளக் போட்டோம். அதுவும் கரி பிடித்தது. கோளாறு ஏர் பில்டர் அடைப்பில் இருந்தது!

சாதாரண பிளக்கின் முனை நிக்கல். உருகுநிலை சுமார் 1,455 டிகிரி செல்சியஸ். விலை கூடியதில் இரிடியம். சுமார் 2,446 டிகிரி. ஆகவே தேய்மானம் குறைவு, உழைப்பு அதிகம். மைலேஜ் பெரிதாகக் கூடாது.

தினமும் நெடுந்தூரம் லைன் போகிறவருக்கு இரிடியம் கட்டுப்படியாகும். கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறவருக்குச் சாதாரணமே போதும். கெடு தவறாமல் மாற்ற வேண்டும். எதுவானாலும் வண்டிப் புத்தகத்தில் கண்ட நம்பரையே, பில்லுடன் வாங்குவோம்.