எஞ்சின் தனியாக வருவதில்லை

இறக்கக்கண்டிக் கரையில் நிற்கும் பைபர் படகு ஒரே நாளில் வந்ததல்ல. இலங்கையில் மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சி 1950களின் பிற்பகுதியில் சூடுபிடித்தது. பருத்தி நூல் வலை போய் நைலோன் வலை வந்தது. அது எளிதில் உக்காது, அடிக்கடி காயப்போடவும் தேவையில்லை. பாரம் குறைந்த பைபர் படகுக்குச் சிறிய எஞ்சினே போதுமாயிற்று. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டது.

யுத்த காலத்தில் நிலைமை வேறு. எத்தனை குதிரை வலு, எவ்வளவு தூரம், எந்த நேரம் என்பதெல்லாம் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. நல்ல எஞ்சின் கடையில் இருந்தும் கடலில் இறக்க முடியாதென்றால் அதனால் என்ன பயன்?

விலை செய்யும் வேலையையும் பாருங்கள். மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் சிறுபடகுக்காரர் பலர் மண்ணெண்ணெய் எஞ்சினையே வாங்கினர். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. 20 லீற்றர் எரிக்கும் ஒரு பயணத்துக்கு மேலதிகச் செலவு 5,060 ரூபா. எஞ்சின் அதேதான், கணக்குத்தான் புரண்டது.

அந்தத் தொகையை மீன் விலையில் ஏற்றலாமே என்பீர்கள். முற்பணம் தந்த முதலாளி கரையில் ஐஸ் பெட்டியுடன் நிற்கும்போது, விலை சொல்பவர் அவர்தான். ஐஸ் இல்லாதவர் மறுநாள் சந்தைக்குக் காத்திருக்க முடியாது. கடனெடுத்துக் கூடிய வலுவுள்ள எஞ்சின் வாங்க நினைப்பவர், இரண்டு மூன்று பேர் சேர்ந்து முதலில் ஒரு ஐஸ் பெட்டி வாங்கினால் என்ன மிஞ்சும் என்றும் எழுதிப் பார்க்கட்டும்.