ஓட்டோ ஐ.எஸ்.ஓ: மண்டப வெளிச்சத்தில் படம் எடுப்போருக்கு ஒரு பாடம்

வாணி விழாவும் கலைவிழாவும் முடிந்த அடுத்த வாரம் பெற்றோர் சிலர் கமராவைக் கொண்டுவந்து காட்டி, "இவ்வளவு காசு கொடுத்து வாங்கினோம், பிள்ளையின் முகம் மட்டும் ஏன் இப்படிக் கலங்கிக் கிடக்கிறது?" என்று கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானதே. அரங்கேற்றம் ஒரு பிள்ளைக்கு ஒருமுறைதான். வந்து பார்க்க முடியாமல் ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்கு அந்தப் படங்கள்தான் அரங்கேற்றம். இதற்கு வேண்டிய வசதி பெரும்பாலான டிஜிட்டல் கமராக்களில் ஏற்கெனவே மெனுவுக்குள் இருக்கிறது. அதன் பெயர் ஓட்டோ ஐ.எஸ்.ஓ. ஆனால் அதை இயக்கிவிட்டால் மட்டும் போதாது, அதற்குள் இரண்டு எண்களை நாமே குறித்து வைக்க வேண்டும்.

பிலிம் சுருள் வாங்கிய காலம் நினைவிருப்பவர்களுக்கு ஐ.எஸ்.ஓ என்பது புதிதல்ல. சுருளின் பெட்டியில் 100, 200, 400 என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்கர் அதை ஏ.எஸ்.ஏ என்றும் ஜெர்மானியர் டின் என்றும் வெவ்வேறு அளவில் எழுதிவந்தனர். 1974 இல் இரண்டும் ஐ.எஸ்.ஓ என்ற ஒரே தரத்துக்குள் வந்தன. வெயிலுக்கு 100, மண்டபத்துக்கு 400 என்பது அக்காலக் கணக்கு. சுருளைப் போட்டுவிட்டால் 36 படங்களும் அதே வேகத்தில்தான். டிஜிட்டல் கமராவில் ஒவ்வொரு படத்துக்கும் வேறு எண் வைக்கலாம். அந்த எண்ணை வெளிச்சத்துக்கு ஏற்பக் கமராவே தெரிவு செய்வதுதான் ஓட்டோ ஐ.எஸ்.ஓ.

படத்தின் பிரகாசத்தை மூன்று விடயங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, ஐ.எஸ்.ஓ எவ்வளவு என்பவையே அவை. இதில் ஒரு பரவலான தப்பெண்ணம் உண்டு. ஐ.எஸ்.ஓவைக் கூட்டினால் கமரா கூடுதல் வெளிச்சத்தைப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. உள்ளே வரும் வெளிச்சத்தைத் துவாரமும் ஷட்டரும்தான் தீர்மானிக்கின்றன. ஐ.எஸ்.ஓ செய்வது, வந்த சிறு வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுவது. மெல்லிய குரலில் பாடுபவரின் மைக்கைக் கூட்டிவிட்டால் பாட்டும் கேட்கும், இரைச்சலும் கேட்கும் அல்லவா? அதுபோலவே கூடிய ஐ.எஸ்.ஓவில் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும்.

இந்த மணலுக்குப் பயந்துதான் பலர் ஐ.எஸ்.ஓவை 400 இல் பூட்டிவைக்கிறார்கள். கெடுதி அங்கேதான் தொடங்குகிறது. ஒரு மண்டப மேடையில் 400 வைத்தால், சரியான பிரகாசத்துக்குக் கமரா ஷட்டரை 1/30 செக்கன் திறந்து வைக்க வேண்டிவரும் என்று கொள்வோம். அந்த 1/30 செக்கனுக்குள் ஆடும் பிள்ளையின் கை நெடுந்தூரம் போய்விடும், முகமும் திரும்பிவிடும். ஷட்டர் 1/250 ஆக வேண்டுமானால் வேகத்தை மும்முறை இரட்டிக்க வேண்டும்: 1/60, 1/125, 1/250. அதே மும்முறை ஐ.எஸ்.ஓவையும் இரட்டித்தால் 800, 1600, 3200. ஆக அந்த மண்டபத்துக்கு 3200 தான் தேவை. அதில் மணல் சற்றுத் தெரியும், உண்மைதான். ஆனால் 6 அங்குலம், 4 அங்குலம் அச்சில் அது கண்ணுக்கே படாது. கணினியில் அதைக் குறைக்க மென்பொருள்களும் உண்டு. அசைவால் கலங்கிய கண்ணையும் சிரிப்பையும் எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது. 400 இல் இருட்டாக எடுத்து வீட்டில் பிரகாசமாக்கலாம் என்பாரும் உண்டு. அப்படிச் செய்தாலும் அதே மணல்தான் வரும், சில கமராக்களில் அதைவிட மோசமாகவே வரும்.

இனி அந்த இரண்டு எண்களுக்கு வருவோம். ஒன்று, ஷட்டர் இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்ற எல்லை. மற்றது, ஐ.எஸ்.ஓ இதற்கு மேலே ஏறக்கூடாது என்ற எல்லை.

முதலாவது எண்ணைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதைக் கமராவிடமே விட்டுவிட்டால், பல கமராக்கள் லென்ஸின் குவிய நீளத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. 50 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 1/50 செக்கன் என்பது போல. இது உங்கள் கை நடுக்கத்துக்கான பழைய கணக்கு, மேடையில் ஆடுகிற பிள்ளைக்கு இது உதவாது. லென்ஸில் அதிர்வு தடுக்கும் வசதி இருந்தாலும் அதே கதைதான், அது உங்கள் கையை மட்டுமே சமாளிக்கும். பேச்சுப் போட்டிக்கும் பண்ணிசைக்கும் 1/125 போதும். நடனத்துக்கு 1/250 வையுங்கள். தில்லானாவில் பாய்ந்து வரும் கட்டங்களுக்கு 1/500 வேண்டும். வெளிச்சம் அதற்கு இடம் தராவிட்டால், தீர்மானம் முடிந்து பிள்ளை ஒரு கணம் அசையாமல் நிற்குமே, அந்தக் கணத்தில் அழுத்துங்கள். நடனம் தெரிந்த தாய்மார் இதில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

இரண்டாவது எண் கமராவைப் பொறுத்தது. அண்மைக்கால நடுத்தரக் கமராவுக்கு 6400, பெரிய சென்சார் உள்ளதற்கு 12800, பழைய சிறிய கமராவுக்கு 1600 என்று தொடங்கலாம். இந்த எல்லையை மிகவும் தாழ்த்தி வைத்தால் பயனில்லை. ஏனெனில் ஐ.எஸ்.ஓ மேலெல்லையைத் தொட்ட பின்னும் வெளிச்சம் போதாவிட்டால், கமரா உங்கள் ஷட்டர் எல்லையை மீறிக்கொண்டு மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும்.

மெனுவில் இவை இருக்கும் இடம் கமராவுக்குக் கமரா மாறும். நிக்கோனில் ஐ.எஸ்.ஓ சென்சிட்டிவிட்டி என்ற தலைப்பின் கீழும், கனனில் ஐ.எஸ்.ஓ ஸ்பீட் செட்டிங்ஸ் என்பதிலும் தேடுங்கள். பியூஜிபிலிம் கமராக்கள் பலவற்றில் ஓட்டோ 1, 2, 3 என்று மூன்று தொகுதிகளைச் சேமித்து வைக்கலாம். கோயிலுக்கு ஒன்று, வெளியரங்குக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள இது மிக வசதி. விலை குறைந்த சில மொடல்களில் ஷட்டர் எல்லை என்ற வரியே இருக்காது. அப்படியானால் சில்லை எம் என்ற எழுத்துக்குத் திருப்பி, துவாரத்தையும் ஷட்டரையும் நீங்களே வைத்து, ஐ.எஸ்.ஓவை மட்டும் ஓட்டோவில் விடுங்கள். பென்டக்ஸ் நிறுவனம் 2006 இல் தன் கே10டி கமராவில் இதற்கென்றே டி.ஏ.வி என்ற தனி இடத்தைச் சில்லில் வைத்தது. நடனத்துக்கு என் விருப்பமும் இந்த முறைதான். ஆனால் எம் இல் ஐ.எஸ்.ஓ எல்லையைத் தொட்டுவிட்டால் படம் இருட்டாகும், அதைத் திரையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கமராவுடன் வரும் சாதாரண சூம் லென்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகலப் பக்கத்தில் அதன் துவாரம் 3.5 ஆக இருக்கும், இழுத்துப் பெரிதாக்கினால் 5.6 ஆகச் சுருங்கும். உள்ளே வரும் வெளிச்சம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்துவிடும், அந்தக் குறையை ஐ.எஸ்.ஓ ஏறி நிரப்பும். முன்வரிசைக்குப் போய் இழுக்காமல் எடுப்பது இலவசமாகக் கிடைக்கும் வெளிச்சம். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காமல் தரையில் இருந்து எடுங்கள்!

ஓட்டோ என்பதால் கமராவுக்குப் புத்தி வந்துவிடாது. மேடையின் பின்திரை கறுப்பென்றால், காட்சி முழுவதும் இருட்டு என்று எண்ணி ஐ.எஸ்.ஓவை ஏற்றிவிடும், பிள்ளையின் முகம் வெளுத்துப்போகும். அப்போது கூட்டல் கழித்தல் பொத்தானில் கழித்தல் 1 வையுங்கள். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர்கள் வரிசையாக நிற்கும்போது நேரெதிர், கூட்டல் 1 வரை வேண்டியிருக்கும்.

சில மண்டபங்களில் படத்துக்குக் குறுக்கே கருமையான பட்டைகள் விழுவதைக் கண்டிருப்பீர்கள். கமரா பழுதல்ல. சில எல்.ஈ.டி விளக்குகளும் குழாய் விளக்குகளும் மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கின்றன. பிரித்தானியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு 100 முறை துடிக்கும். அங்கே ஷட்டரை 1/100 இல் வைத்துப் பாருங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் 60 ஹேர்ட்ஸ், ஆகவே 1/125 பொருந்தும். அத்தகைய மண்டபத்தில் 1/250 ஐ விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

பிளாஷ் அடித்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். கமராவில் உள்ள சிறிய பிளாஷ் சில மீற்றர் தூரத்துக்கே எட்டும். பத்தாம் வரிசையிலிருந்து அடித்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் வெளிச்சமாகும். ஆடும் பிள்ளையின் கண்ணும் கூசும். வசந்த மண்டபப் பூசையிலோ விளக்கொளியின் அழகையே அது கொன்றுவிடும். அங்கே படம் எடுக்கலாமா என்பதை முதலில் குருக்களிடமோ நிர்வாகத்திடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவாமி உள்வீதியிலிருந்து வெளிவீதிக்கு வரும்போதுதான் ஓட்டோ ஐ.எஸ்.ஓவின் அருமை தெரியும். உள்ளே 3200 இல் இருந்த கமரா வாசலைத் தாண்டியதும் தானே 200க்கு இறங்கிவிடும். கூட்டத்துக்குள் பொத்தான்களைத் தேடி நிற்க வேண்டியதில்லை.

இவற்றை விழா நாளன்று மண்டபத்தில் பழக வேண்டாம். இன்றிரவு வீட்டு வரவேற்பறை விளக்கொளியில் பிள்ளையை இரண்டு அடவு ஆடச் சொல்லி, ஷட்டர் எல்லையை 1/30, 1/125, 1/250 என்று மாற்றி மாற்றி எடுங்கள். பிறகு ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் கண்ணைத் திரையில் பெரிதாக்கி, கீழே தெரியும் ஐ.எஸ்.ஓ எண்ணோடு சேர்த்துப் பாருங்கள்.