விளையாட்டுப் பெட்டியும் இடவப்பாதி மழையும்

இம்முறை மரவேலையைப் பற்றி ஒரு சிறு பாடம். நான் தச்சனல்லன், ஓய்வு பெற்ற ஆசிரியன். பட்டறிந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வளைகுடா நாட்டில் பணிபுரியும் என் மகள், கோட்டுகாலில் எங்களோடு வளரும் தன் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி அனுப்பினாள். முற்காலத்தில் கடைகளில் நாணயம் போட்டு ஆடுவார்களே, ‘ஆர்கேட்’ என்பார்கள், அதன் வீட்டு வடிவம். தனித்தனிப் பலகைகளாக வந்தது. பேரனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து திருகாணி முடுக்கி நிறுத்தினோம். பார்க்க அழகு, கண்ணாடி போன்ற வழவழப்பு.

எங்கள் ஊர் விழிஞ்ஞம் கடற்கரைக்கு அடுத்தது. உப்புக்காற்றுக்குக் குறைவில்லை. இடவப்பாதி மழை தொடங்கிய இரண்டாம் மாதம், பெட்டியின் அடிப்பாகம் ஊறிய ரொட்டி போல உப்பியது. பிறகு ஒரு மாலை, பேரன் கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்தபோது முன்பலகை திருகாணிகளோடு பிய்ந்து வந்து அவன் பாதத்தருகே விழுந்தது. காயமில்லை. ஆனால் அன்றிரவு தொலைபேசியில் தாய் கேட்டபோது, “நல்லா இருக்கும்மா, தினமும் விளையாடுறேன்” என்று அவன் சொன்னதைக் கேட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை தாயின் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்கிறான். அந்தப் பெட்டியை எப்படியாவது எழுப்பி நிறுத்துவதென்று அப்போதே முடிவு செய்தேன். செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். குற்றம் பலகையின் இயல்பில் இருக்கிறது.

பாறசாலையிலிருந்து ஓர் ஆசாரியை அழைத்து வந்தேன். உப்பிய ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “சாரே, இது மரமில்ல, மரப்பொடியாக்கும்” என்றார். எம்.டி.எஃப். எனப்படும் பலகை அது. மரத்தை நார்நாராக்கிப் பசை கலந்து, சூட்டில் அழுத்திச் செய்வது. அழுத்தப்பட்ட நார் ஈரம் பட்டால் தன் பழைய பருமனை நாடி விரியும். காய்ந்த பின்னும் முன்போல் சுருங்காது. மேலே ஒட்டிய வழவழப்பான தாள் முகத்தைக் காக்கும். அறுத்த ஓரத்தையும் ஆணித்துளையையும் யார் காப்பது? தண்ணீர் அவ்வழியேதான் புகுகிறது. ஆகவே பெட்டி வாங்குவோர் முகத்தைப் பார்த்து மயங்காமல், படுக்கவைத்து அதன் அடியைப் பார்க்க வேண்டும்.

இது புதிய தொல்லையுமன்று. 1971-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ என்னும் முதல் கடைப் பெட்டியின் கூடு கண்ணாடி நார்ப்பொருளால் ஆனது. ஈரம் அதை ஒன்றும் செய்யாது. பின்னால் வந்தவை பெரும்பாலும் ஒட்டுப்பலகையிலும் மரத்துகள் பலகையிலும் செய்யப்பட்டன. கடைத் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துத் துடைத்தே பல பெட்டிகளின் அடி அழுகியது. பழைய பெட்டி சேகரிப்போர் இன்றும் முதலில் குனிந்து பார்ப்பது அடிப்பாகத்தைத்தான்.

ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், வேறு வகை. மெல்லிய மரத்தாள்களை ஒன்றின் நாரோட்டத்துக்குக் குறுக்காக மற்றொன்றை வைத்து, ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒட்டுவார்கள். ஒரு தாள் விரிய முயன்றால் அடுத்த தாள் இழுத்துப் பிடிக்கும். ஆனால் எல்லாம் பசையைப் பொறுத்தது. யூரியாப் பசை வெளிறியது, ஈரத்துக்கு நெடுநாள் தாங்காது. பீனால் பசை கருஞ்சிவப்பு. பலகையின் ஓரத்தில் கோடு கோடாகத் தெரியும். இந்தியத் தர முத்திரையில் ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பலகை. அதற்குள்ளேயே ஈரம் தாங்குவது, கொதிநீர் தாங்குவது என்று பிரிவுகள் உண்டு. ஐ.எஸ். 710 என்பது கப்பல் தரம். அதன் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிப்பார்கள்.

நானும் சோதித்தேன். இரண்டு கடைகளிலிருந்து துண்டுகள் கேட்டு வாங்கி, வீட்டுக் கலத்தில் விறகடுப்பில் கொதிக்க வைத்தேன். (அந்தக் கலத்தில் இனிச் சோறு பொங்குவதில்லையென்று என் மனைவி அறிவித்துவிட்டாள்.) ஒரு துண்டு ஒரு மணி நேரத்தில் புத்தகம் விரிவது போல ஏடு ஏடாகப் பிரிந்தது. மற்றது மாலைவரை அசையவில்லை. அதையே வாங்கினோம், 18 மில்லிமீட்டர் கனத்தில்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கேரளத்தில் பெரும்பாவூர்ப் பக்கம் செய்யப்படும் ஒட்டுப்பலகையில் ரப்பர் மரம் மிகுதி. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்திடாவிட்டால் வண்டு துளைத்து உளுத்துப்போகும். போரான் உப்பு மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். சிதலுக்கும் அது நல்லது. கறையானை இங்கே மலையாளத்தில் சிதல் என்கிறார்கள். பழந்தமிழிலும் அதற்குச் சிதல், சிதலை என்றுதான் பெயர். பேரனுக்கு அன்று அதுவும் ஒரு பாடமாயிற்று.

வேலைக்கு வருவோம். மூலைகளில் உட்புறம் ஆஞ்சிலிச் சட்டம் வைத்து, திருகாணியைச் சட்டத்தில் இறக்கினார் ஆசாரி; பலகையின் விளிம்பில் திருகாணி இறக்கினால் ஏடு பிளக்கும் என்றார். சிறுவர்களின் முழங்கைப் பாரமெல்லாம் விழுவது முன்பலகையில். ஆகவே அதற்கு மட்டும் திருகாணி போதாதென்று மரையாணி போட்டு நட்டால் முடுக்கினார். அறுத்த ஓரம் ஒவ்வொன்றுக்கும் வார்னிஷ் மூன்று பூச்சு, தரையைத் தொடும் ஓரத்துக்கு ஐந்து. அடியில் இரண்டு அங்குல உயரத்தில் ரப்பர்க் கால்கள். பின்பலகையில் மேலும் கீழும் துளை வரிசை: திரையின் சூடு மேலே போகக் கீழிருந்து காற்று வரவேண்டுமல்லவா? சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம்.

திரையும் கைப்பிடியும் பொத்தான்களும் மகள் அனுப்பியவையே. ஒன்றையும் மாற்றவில்லை. பொத்தான் முனைகளில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பேரன் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தான்.

இரண்டு இடவப்பாதியும் இரண்டு துலா மழையும் கடந்தாயிற்று. மாதந்தோறும் முதல் ஞாயிறு, தாயும் தொலைபேசியில் இருக்க, பேரன் தரையில் படுத்து டார்ச் விளக்கடித்து அடியோரத்தை விரலால் தடவிப் பார்ப்பான். சமையலறைப் பக்கத்து மூலையில் மட்டும் வார்னிஷ் சற்று வெளுத்திருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அங்கே இன்னொரு பூச்சு அடிக்க வேண்டும்.