முதல் வள்ளம் வாங்குமுன்



காணியை விட்டு வந்த கமக்காரர் கடனீரேரிக் கரையில் குடியிருக்க நேர்ந்தால், அவர் கண்ணில் முதலில் படும் தொழில் மீன்பிடி. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகிவிட்டனர். அவர்களுள் உழுவதற்கு நிலம் இல்லாதோர் வள்ளம் ஒன்றை வாங்கலாமா என்று கேட்கின்றனர். சிலர் நகையை ஈடுவைத்து வாங்கியும் விட்டனர். வலை எறிவது கமக்காரருக்குக் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. பேதுருவும் அந்திரேயாவும் செய்த தொழில் அது. ஆனால் தெரியாத தொழிலில் போடும் முதல் பணம் பெரும்பாலும் வள்ளத்துக்கே போகிறது. அதனால் அதைப் பற்றி இப்பாடத்தில் சிந்திப்போம்.

1. முதலில் நீரைப் பாருங்கள்

மண்ணைப் பார்க்காமல் விதை வாங்குவோர் நம்முள் இல்லை. அதுபோல் நீரைப் பார்க்காமல் வள்ளம் வாங்கக் கூடாது. யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழம் குறைந்தது. பல இடங்களில் இடுப்பளவு, மார்பளவு நீரே உண்டு. அங்கே அடி தட்டையான, கோல் ஊன்றித் தள்ளக்கூடிய சிறு வள்ளம் போதும். ஆழ்கடலுக்கென்று கட்டிய கனத்த படகு அங்கே சேற்றில் இருந்துவிடும். வன்னிக் குளங்களில் அலை சிறிது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா அங்கே பிடிபடும் முக்கிய மீன்களுள் ஒன்று. அதற்குத் துடுப்பு வலிக்கும் சிறு தோணியே தகும். திறந்த கடல் வேறு. வாடைக்காற்றும் சோளகக்காற்றும் எப்போது எப்படி எழும் என்று அறியாத ஒருவர், முதலாம் ஆண்டிலேயே அங்கே தனியே போக வேண்டாம். அனுபவமுள்ள ஒருவரின் வள்ளத்தில் ஒரு பருவம் பங்காளியாகப் போய்ப் பழகுங்கள். அந்தப் பருவம் முடியும்போது எந்த வள்ளம் வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

2. மரமா, பைபரா, அலுமினியமா?

மர வள்ளத்தை ஊர்த் தச்சர் கட்டுவார், அவரே திருத்துவார். ஆனால் உப்புநீரில் மரத்தைத் துளைக்கும் புழு உண்டு. அடிக்கடி கரையேற்றிக் காயவிட்டு எண்ணெய் பூச வேண்டும். நல்ல மரமும் இன்று அரிது.

பைபர் வள்ளத்தைப் புழு தின்னாது. காரைநகரில் நோர்வே மக்களின் உதவியோடு தொடங்கிய சீநோர் தளத்தில் இவ்வகைப் படகுகள் கட்டப்பட்டதை மூத்தோர் அறிவர். இன்று நமது கரைகளில் அதிகம் காணப்படுவதும் இதுவே. உடைந்தால் பிசினும் கண்ணாடி நாரும் வாங்கிக் கிராமத்திலேயே ஒட்டலாம்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் சிலர், கனடாவின் ஏரிகளில் தாம் காணும் அலுமினியப் படகைச் சிபாரிசு செய்கின்றனர். அது இலேசானது, உக்காது. நன்னீரில் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் நமது உப்புநீரில் கவனம் தேவை. புளியும் உப்பும் கிடந்த அலுமினியச் சட்டி பொட்டுப் பொட்டாக அரிபடுவதை நமது தாய்மார் அறிவர். கடலுக்கென்று செய்த தனி அலுமினியக் கலவை இவ்வாறு எளிதில் அரிபடாது. சாதாரணத் தகடு அரிபடும். செம்பு, பித்தளை ஆணிகள் அதைத் தொட்டபடி நனைந்திருந்தால் அரிப்பு விரைவாகும். வெடித்தால் ஒட்டுவதற்கு ஆகன் வாயுவோடு செய்யும் தனி ஒட்டுவேலை வேண்டும். சாதாரண இரும்பு ஒட்டுபவரால் அது முடியாது. எனவே, எந்தப் பொருளானாலும், “இது உடைந்தால் நமது ஊரில் யார் திருத்துவார்?” என்று கேளுங்கள். பதில் இல்லையெனில் அதை முதல் வள்ளமாக வாங்க வேண்டாம்.

3. பழைய வள்ளத்தைச் சோதித்தல்

நம்மில் பலரும் பழையதையே வாங்குவோம். பூச்சு புதிதாக இருந்தால் கூடுதலாகச் சந்தேகியுங்கள். பைபர் வள்ளத்தைக் கவிழ்த்து, அடியெங்கும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ஒலி திடீரென மந்தமாகும் இடத்தில் உட்படைகள் பிரிந்திருக்கலாம். இயந்திரம் மாட்டும் பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் மரம் இருக்கும். அது உக்கியிருந்தால் இயந்திரம் ஒருநாள் பலகையோடு கழன்றுவிடும். அலுமினியமானால் தறையாணி வரிசைகளையும் ஒட்டிய இடங்களையும் பாருங்கள். பின்பு உள்ளே நீர் ஊற்றி, வெளியே கசிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, ஆழமில்லாத நீரில் ஆட்களையும் வலையையும் ஏற்றிப் பாருங்கள். விளிம்பு நீருக்கு மேல் ஒரு சாணுக்குக் குறைவாக நின்றால் அந்த வள்ளம் உங்களுக்குச் சிறிது. அதே இடத்தில் நீர் நிரப்பியும் பாருங்கள். பைபரும் அலுமினியமும் தாமாக மிதப்பவை அல்ல. இருக்கைகளின் கீழ் மிதவைப் பொருள் இல்லையேல், மூடி இறுக்கிய வெற்றுக் கலன்களைக் கட்டுங்கள். கமக்காரர் பலருக்கு நீந்தத் தெரியாது. ஆளுக்கு ஓர் உயிர்காப்பு அங்கியின் விலையை வள்ளத்தின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

4. இயந்திரமும் கடனும்

2022இல் எரிபொருள் இல்லாமல் வடக்கின் இயந்திரப் படகுகள் பல கரையில் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. கோலாலும் துடுப்பாலும் போகக்கூடிய இடத்தில் தொழிலைத் தொடங்குவோருக்கு இந்த அடி குறைவு. இயந்திரத்தைப் பின்பு சேர்க்கலாம்.

கணக்குக்காக ஓர் உதாரணம் எடுப்போம். காற்று, நோய், வலை திருத்தல், ஞாயிறு ஆகியவை போக மாதத்தில் 18 நாள் தொழில் என்று வைப்போம். நாளுக்கு 2,500 ரூபாவுக்கு மீன் விற்றால் 45,000 ரூபா. எண்ணெய், பனிக்கட்டி, வலைத்தேய்மானத்துக்கு 20,000 போனால் மிச்சம் 25,000. பங்காளிக்குப் பாதி கொடுத்தால் வீட்டுக்கு வருவது 12,500. அரிசியும் பிள்ளைகளின் கொப்பியும் வாங்கியபின் இதில் எவ்வளவு கடன் கட்டலாம்? கோபுரம் கட்டுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றி ஆண்டவர் சொன்னதை (லூக்கா 14) இங்கே நினைவுகூருவோம். கணக்கில் மனைவியும் அமரட்டும். ஈடுபோவது அவருடைய நகை. வலைக்குப் பணம் மிஞ்சாத அளவுக்கு வள்ளத்தில் பணத்தைக் கொட்ட வேண்டாம். வாரந்தோறும் வட்டி கேட்கும் கடனில் வள்ளம் வாங்கவும் வேண்டாம். மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்குவது, எழுத்தில் உடன்படிக்கை இருந்தால், நல்ல வழி.

5. கரையில் முன்பே இருப்போர்

கடனீரேரி வெறும் நீரல்ல. களங்கட்டி கட்டும் இடம், வலை விரிக்கும் இடம் எல்லாவற்றுக்கும் ஊர் வழக்கில் உரித்தாளர் உண்டு. நமது வரம்பை மற்றவர் வெட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? ஆதலால் வள்ளத்துக்கு முற்பணம் கொடுக்குமுன் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தாரிடம் போய்ப் பேசுங்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி வள்ளத்தைப் பதிய வேண்டும். தொழிலுக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். விற்பவரிடம் பதிவுப் புத்தகம் இல்லையெனில் விலை மலிவென்று மயங்காதீர்கள். வள்ளத்தோடு தங்கூசி வலை தந்தால் ஏற்க வேண்டாம், அது தடைசெய்யப்பட்டது.

குழுவில் கலந்துரையாட:

அ. நமது கரையில் நீரின் ஆழம் மாரியிலும் கோடையிலும் எவ்வளவு?

ஆ. நமது ஊரில் எந்த வகை வள்ளத்தைத் திருத்தக்கூடியவர்கள் இருக்கிறார்கள்?

இ. இரண்டு மாதம் மீன் படாவிட்டால் நமது குடும்பம் எதை விற்க நேரிடும்?

ஈ. நாம் யாருடைய அனுமதியை இன்னும் கேட்கவில்லை?