வண்டி நிற்கும் தரையும் ஆற்றுத் தண்ணீரும்

புனேக்குக் கடல் கிடையாது. அரபிக்கடல் சஹ்யாத்ரி மலைக்கு அந்தப் பக்கம். அதனால், ‘வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஓடும் அழுக்குத் தண்ணீருக்கெல்லாம் கடலோர ஊர்க்காரர்கள்தான் கவலைப்பட வேண்டும்’ என்று அங்கே ஒரு நினைப்பு. ஆனால் புனேயின் ஆறுகள் அந்தப் பக்கம் போவதே இல்லை. முளாவும் முத்தாவும் ஊருக்குள் கலந்து, பீமாவில் சேர்ந்து, உஜனி அணையில் தேங்குகின்றன. சோலாப்பூர் நகரம் குடிப்பது அந்த அணைத் தண்ணீரைத்தான். பீமா அங்கிருந்து ராய்ச்சூர் பக்கம் கிருஷ்ணாவில் விழுந்து ஸ்ரீசைலம் போகிறது. ஸ்ரீசைலத்திலிருந்து கண்டலேறு அணை வழியாக 1996-இல் முதன்முதலாகப் பூண்டி ஏரிக்கு வந்த கிருஷ்ணா நீரைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். வழியில் எத்தனையோ தண்ணீர் கலக்கிறது, அணைகளில் எவ்வளவோ படிந்துவிடுகிறது, உண்மைதான். இருந்தாலும் புனேயில் நிற்கும் கார் நமக்கு மேல்மடையில்தான் நிற்கிறது. இதைப் பற்றிப் பேசினால் வரும் சமாதானங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

“மழைத்தண்ணீர்தானே, சுத்தமாகத்தான் இருக்கும்.”

தரையைத் தொடும்வரை ஏறக்குறைய அப்படித்தான். புனேயில் பெரும்பாலான மழை ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் பிரேக் தூளிலுள்ள செம்பு, டயர் தேய்ந்த பொடியிலுள்ள துத்தநாகம், எஞ்சின் எண்ணெய், கரி எல்லாம் வண்டி நிறுத்துமிடத்தில் படிந்துகொண்டே இருக்கும். முதல் சில மழைகள் அதை வழித்துக்கொண்டு போகின்றன. இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு: பெருமழை முழுவதையும் பிடித்துச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. முதல் 25 மி.மீ. மழையைக் கவனித்தால் பெரும்பகுதி அழுக்கு மாட்டிக்கொள்ளும் என்பது பல ஊர்களில் பின்பற்றும் கணக்கு. 1,000 சதுர மீட்டர் தரைக்கு அது 25,000 லிட்டர். இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர்.

“எண்ணெய் மிதந்தால்தான் ஆபத்து.”

வானவில் நிறத்தில் மிதக்கும் படலமாவது கண்ணை உறுத்தும். கண்ணுக்குத் தெரியாதது அதைவிடக் கெட்டதாக இருக்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் முட்டையிட ஓடைக்குத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்தால் செத்துக்கொண்டிருந்தன. பல ஆண்டுத் தேடலுக்குப் பின் 2020 டிசம்பரில் குற்றவாளி அகப்பட்டது. டயர் வெடிப்புவிடாமல் இருக்க ரப்பரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோன் பட்டு 6பிபிடி-குயினோனாக மாறுகிறது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே கோஹோவுக்குச் சாவு. முத்தாவில் சால்மன் இல்லை. எல்லா மீனுக்கும் அது அத்தனை விஷமும் இல்லை. டயர் மட்டும் எங்கும் டயர்தான். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறொன்று. விஷத்தின் பெயர் தெரிவதற்கு ஐந்து ஆண்டு முன்பே, நெடுஞ்சாலைத் தண்ணீரை மணலும் மக்கிய உரமும் கலந்த படுகை வழியே வடித்துவிட்டால் அந்த மீன்கள் பிழைப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

“சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளும்.”

பார்த்துக்கொள்ளாது. ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு முளா-முத்தாவுக்காகத் திட்டமிட்ட 11 நிலையங்கள், நாளுக்கு 396 மில்லியன் லிட்டர், எல்லாம் வீட்டுக் கழிவுநீருக்கானவை. மழைநீர் வடிகால் தனி. அது நேரே ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. புனேயின் டெக்கான் பகுதியில் பாபா பிடே பாலத்தை ஒட்டி, ஆற்றுப்படுகையிலேயே வண்டிகளை நிறுத்துகிறார்களே, அங்கே வடிகால்கூட வேண்டாம். கடக்வாஸ்லா அணையில் தண்ணீர் திறந்ததும் ஆறே வந்து தரையைக் கழுவிக்கொள்ளும். அந்த இடத்துக்கு எந்தத் தொழில்நுட்பமும் உதவாது, வண்டிகளை வெளியேற்றுவதைத் தவிர.

“ரீசார்ஜ் போர்வெல்லில் விட்டால் நிலத்தடி நீராவது ஏறும்.”

நல்ல எண்ணத்தோடு செய்யும் இந்த வேலைதான் எல்லாவற்றிலும் மோசம். மொட்டைமாடித் தண்ணீருக்கு அது சரி. 2003-இல் தமிழ்நாடு கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பும் முக்கியமாகக் கூரையில் விழும் நீரைப் பற்றியதே. புனேக்கு அடியில் இருப்பது பசால்ட் எனும் எரிமலைப் பாறை. அதன் வெடிப்புகள் வழியே இறங்கும் தண்ணீர் மணலில் வடிவதுபோல வடிவதில்லை. நிறுத்துமிடத்து அழுக்கு அப்படியே பக்கத்துக் கிணற்றை எட்டலாம். ஆற்றில் கலந்தால் அடுத்த வெள்ளத்திலாவது நகரும். பாறையிடுக்கில் இறங்கினதை எப்படி எடுப்பது?

“பேவர் பிளாக் போட்டாச்சு, தண்ணீர் இறங்கிவிடும்.” அடியில் சிமென்ட் கான்கிரீட் தளம் இருந்தால் இறங்காது. அடியில் பொடி கலக்காத ஜல்லி அடுக்கு வேண்டும்.

“செடிப்பள்ளம் வெட்டினால் கொசு வரும்.” டெங்குவுக்கு அஞ்சும் ஊரில் நியாயமான பயம். ஆனால் நிறுத்துமிடப் பரப்பில் ஐந்து முதல் பத்து சதவீதம் அளவுக்கு, மேலே செடியும் அடியில் மணற்கலவையும் துளைக்குழாயும் வைத்து அமைக்கும் பள்ளத்தில் தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் அது பழுது. கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரமாவது ஆகும். பள்ளத்தில் எருவை அள்ளிக் கொட்டுவது வேறொரு தவறு: பாஸ்பேட் கசிந்து ஆற்றில் ஆகாயத்தாமரைக்குத் தீனியாகும். செலவு பள்ளம் வெட்டுவதோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் மே மாதத்தில் மேலே படிந்த வண்டலைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதில் உலோகம் இருப்பதால் தோட்டத்து மண்ணாகப் பயன்படுத்தவும் கூடாது. இந்த வேலைக்கு ஆள் ஒதுக்காமல் போடும் டெண்டர், திறப்பு விழாவுக்கு மட்டுமே ஆகும்.