ஊர்கள் தம்முள் செய்த சங்கீத உடன்படிக்கை

மொழி அறியாதாரும் பிறநாட்டுப் பாட்டைக் கேட்டு மகிழ்வர் என்பது பலரும் சொல்லும் வார்த்தை. மகிழ்ச்சியோடு நின்றுவிட்டால் அது கொள்வினை கொடுப்பினை ஆகுமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இதற்கு ஐரோப்பாவின் பாடற்குழு விழாக்கள் சில தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கையை உதாரணமாகக் கொள்வோம்.

இத்தாலியில் அரெட்ஸோ என்பது ஒரு பழம்பெரும் நகரம். கீதோ என்னும் துறவி 11-ஆம் நூற்றாண்டில் அங்கே பாலருக்குப் பாட்டுக் கற்பித்தார். கோடுகளின்மேல் ஸ்வரம் குறிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவரும், ஊத், ரே, மி என அசைகளால் ஸ்வரங்களைப் பயிற்றியவரும் அவரே. ஸ, ரி, க என்று வாய்விட்டுப் பயின்ற நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அந்நகரில் 1953-இல் பல்குரற் பாடற்போட்டி தொடங்கிற்று. ஹங்கேரியின் தெப்ரெத்ஸென் நகரில் 1961-இல் பார்தோக் என்னும் சங்கீத வித்வான் பெயரால் மற்றொரு போட்டி எழுந்தது. முன்னது பழைய சம்பிரதாயத்தைப் போற்றுவது. பின்னது இக்காலத்துப் புதுப் பாட்டுகளை விரும்புவது.

இவ்விரண்டோடு இத்தாலியின் கொரீட்ஸியா, பிரான்ஸின் தூர், பல்கேரியாவின் வார்னா ஆகிய ஊர்களின் விழாக்களும் கூடி, 1989-இல் 'ஐரோப்பிய மகாபரிசு' என்னும் பொதுப்போட்டியை ஏற்படுத்தின. ஸ்பெயினின் தொலோஸா பின்னர்ச் சேர்ந்தது. கொரீட்ஸியா விலக, ஸ்லொவீனியாவின் மாரிபோர் அதன் இடத்தைப் பெற்றது.

ஏற்பாடு எளியது. ஒவ்வொரு விழாவிலும் முதன்மை பெற்ற குழு, மறு ஆண்டில் ஏனையோருடன் ஒரே மேடையில் பாடவேண்டும். அம்மேடையை ஊர்கள் முறைவைத்து ஏற்கும். ஆகவே, ஓர் ஊர் தான் முடிசூட்டிய குழுவைப் பிறிதோர் ஊரின் செவிக்கு ஒப்புவிக்கிறது. அங்கே அது தோற்கவும் கூடும். தன் தீர்ப்பைப் பிறர் சோதிக்க இடங்கொடுப்பது சிறு காரியமன்று. மேலும், ஹங்கேரியும் பல்கேரியாவும் நெடுங்காலம் மேல்நாடுகளிலிருந்து பிரிக்கப்பட்டுக் கிடந்தவை. பெர்லின் மதில் திறந்ததும் அதே 1989-ஆம் ஆண்டு நவம்பரில்தான் என்பதை நினைவிற்கொண்டால் இவ்வுடன்படிக்கையின் அருமை விளங்கும்.

ஆயின் ஓர் ஐயம் எழுகின்றது. பரிசை நாடிப் பாடுவோர், நடுவர் விரும்பும் ஒரே சாயலைப் பூண்டுவிடமாட்டாரோ? இவ்வபாயம் உண்மையே என்று நாம் கருதுகிறோம். விழாக்கள் தத்தம் குணத்தை விடாதிருக்குமளவுமே அதற்குத் தடை உண்டு. அரெட்ஸோவும் தெப்ரெத்ஸெனும் ஒன்றுபோலாகிவிட்டால் கொடுப்பதற்கும் கொள்வதற்கும் என்ன எஞ்சும்?

பெயர் ஐரோப்பியமாயினும் பரிசு அக்கண்டத்தாருக்கே உரியதன்று. பிலிப்பைன்ஸ் மாட்ரிகல் பாடகர் குழு 1997-இலும், மீண்டும் 2007-இல் அரெட்ஸோவிலும் அதனை வென்றது. இருமுறை வென்ற முதற்குழு இதுவே. 1963-இல் அந்திரேயா வெனராசியோன் என்னும் அம்மையார் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இதனை நிறுவினார். இதிற் பாடுவோர், இம்மலரை வாசிப்போரைப் போலவே, பெரும்பாலும் மாணாக்கரும் ஆசிரியரும் பழைய மாணாக்கருமே. அவர்கள் நிற்பதில்லை, அரைவட்டமாக நாற்காலிகளில் அமர்ந்து பாடுகின்றனர். எதிரே கைவீசி நடத்துவாரும் இலர். தலைவர் இடக்கோடியில் ஒருவராக அமர்ந்து தாமும் பாடுகிறார். மற்றையோர் அவரது சிறு தலையசைப்பை நோக்கியும், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டும் பாட்டைத் தொடங்குகின்றனர்.